மீந்த சோறு

அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாவது மாதத்தில் ஒருநாள், குக்கரின் அடியில் மீந்திருந்த ஒரு கரண்டிச் சோற்றைக் குப்பைக் கூடையில் கொட்டினேன். கை நடுங்கியது. நாற்பத்தைந்து வயதுவரை நான் சோற்றைக் கொட்டியதே இல்லை. "சோத்தக் கொட்டுனா அடுத்த ஜென்மத்துல பொறுக்கித் திங்கணும்டி" என்பாள் அம்மா. கொட்டாமல் இருக்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எல்லோரும் கை கழுவிப் போனபின் அதைத் தானே சாப்பிட்டுவிடுவாள். நான் அவளிடம் கற்றுக்கொண்ட முதல் வீட்டு வேலை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அதைச் சாப்பாடு என்று நாங்கள் இருவருமே நினைத்ததில்லை. அறுவை சிகிச்சைக்கு முன்னால் உணவியலாளர் ஒரு வாரத்துக்குச் சாப்பிட்டதையெல்லாம் நோட்டில் எழுதி வரச் சொன்னார். காலையில் மூன்று இட்லி, மதியம் ஒரு தட்டுச் சோறு, இரவு இரண்டு சப்பாத்தி என்று நேர்மையாகத்தான் எழுதினேன். அந்தப் பெண் படித்துவிட்டு நிமிர்ந்து, "வீட்ல மிச்சம் மீதியெல்லாம் யார் சாப்பிடுவாங்க மேடம்?" என்று கேட்டார். மூன்றரை மணிக்குக் கல்லூரியிலிருந்து வந்து அடுப்படியில் நின்றபடியே விழுங்கியதெல்லாம் நினைவுக்கு வந்தது. மகளின் டிபன் பாக்ஸில் திரும்பி வந்த எலுமிச்சை சாதம், குழம்புச் சட்டியை வழித்துப் பிசைந்த கடைசிச் சோறு, காலையில் யாரும் தொடாத நான்காவது தோசை. அடுத்த வாரம் அவற்றையும் எழுதினேன். நாளுக்கு ஒரு பக்கம் போதவில்லை.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. பல பேர் சேர்ந்து உண்டாக்கிய ஓர் உடலை ஒருத்தி மட்டும் மேசையில் படுத்துத் திருத்திக்கொள்வது நியாயமா? அப்படிப் படுக்க எடுத்த முடிவை என் முடிவு என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

*

நான் புதுச்சேரியில் உப்பளத்தில் இருக்கிறேன். இந்திரா காந்தி விளையாட்டரங்கப் பக்கம் விடியற்காலையில் நடக்கிறவர்களில் ஒருத்தியாகப் பத்து வருடம் நடந்திருக்கிறேன். கூட நடந்த ஒவ்வொருவரிடமும் எனக்கு ஒரு வைத்தியம் இருந்தது. கொள்ளு ரசம், வெந்நீரில் தேன், பேலியோ, இரவில் பட்டினி. எல்லாவற்றையும் செய்தேன். மூன்று முறை 10 கிலோவுக்கு மேல் குறைந்தேன். மூன்று முறையும் போனதைவிடக் கூடுதலாகவே திரும்பி வந்தது. எடை வேகமாகக் குறையும்போது உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும், பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடும், இழந்ததை மீட்க உடல் வருடக்கணக்கில் முயலும் என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். அதுவரை அதை என் ஒழுக்கக் குறைவு என்றே நம்பினேன்.

தமிழ் படித்தவள் அப்படி நம்பியிருக்கக் கூடாது. மணிமேகலையில் காயசண்டிகை வருகிறாள். எவ்வளவு உண்டாலும் அடங்காத யானைத்தீ என்னும் பசி அவளுக்குப் பன்னிரண்டு ஆண்டுச் சாபம். சாத்தனார் அவளை நாவடக்கம் இல்லாதவள் என்று சொல்வதில்லை. அவளுக்கு யாரும் அறிவுரை சொல்லவில்லை, அமுதசுரபியிலிருந்து சோறு போட்டார்கள். ஆனால் நான் ஆறு வயதில் மனப்பாடம் செய்தது மணிமேகலையை இல்லை, கொன்றை வேந்தனை. பெண் குறைவாகச் சாப்பிடுவதே அவளுக்கு அழகு என்ற பொருளில் அதில் ஒரு வரி உண்டு. பெண் குழந்தைகளும் ஆண் குழந்தைகளுமாக வகுப்பே ராகம் போட்டுச் சொல்வோம். இரைப்பையையே சுருக்கிவிடலாம் என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு அந்த வரிதான் ஞாபகம் வந்தது. வாயால் சொல்லி நடக்காததை இவர்கள் ஸ்டேப்ளர் கொண்டு நடத்தப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

என் உயரம் 158 சென்டிமீட்டர். 2024 தொடக்கத்தில் எடை 104 கிலோ. கிலோவை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறை எண் 41.7. இந்த வகுத்தல் கணக்கைச் சொன்னவர் மருத்துவர் இல்லை. 1830களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ப் கெத்தலே என்ற வானியலாளர், 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று தேடியபோது ஐரோப்பிய உடல்களை அளந்து கண்ட விகிதம் அது. 1972இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரை வைத்தார். தெற்காசிய உடல்களில் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதயநோயும் வருகின்றன என்பதால், இந்திய மருத்துவர்கள் 2009இல் வகுத்த கணக்கில் 25ஐத் தாண்டினாலே உடல்பருமன். எங்கள் மரபில் பெண்ணைத் தலைமுடியிலிருந்து பாதம்வரை அளந்து பாடும் கேசாதிபாதம் உண்டு. நுண்ணிடை, துடியிடை, கொடியிடை என்று நான் வகுப்பில் உரை சொல்லும்போது கடைசி பெஞ்சில் சிரிப்புச் சத்தம் கேட்கும். கெத்தலேயின் அட்டவணை எனக்கு இன்னொரு கேசாதிபாதமாகவே பட்டது. ஒரு வித்தியாசம், இதில் சராசரிக்கு ஆண் நின்றான்.

ஆனால் அட்டவணையைக் கேலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட முடியவில்லை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 9.2. உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்ததில் ஒரு மணி நேரத்தில் 38 முறை மூச்சு நின்றது. "உன் குறட்டை நின்னா எனக்கு முழிப்பு வந்துடும். அடுத்த மூச்சு வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பேன்" என்று கணவர் அப்போதுதான் சொன்னார். என் அம்மாவுக்குச் சர்க்கரையால் 58 வயதில் கால் போனது. 61இல் அவளும் போனாள். அவள் விட்டுப்போன பாதையில் நான் எத்தனையாவது கிலோமீட்டரில் இருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

*

பத்து வருடங்களுக்கு முன்பு என் பருத்த உடலைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். மன்னிப்புக் கேட்காத ஓர் உடல் அதில் இருந்தது. கூட்டங்களில் என்னை அந்தக் கவிதையை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு நடந்த ஒரு கூட்டத்தில், செய்தி எப்படியோ தெரிந்த இளம்பெண் ஒருத்தி எழுந்தாள். "அப்ப அந்தக் கவிதை பொய்யா மேம்?" என்று கேட்டாள். அவளும் என்னைப் போல் பருத்தவள். கோபமாகக் கேட்கவில்லை, கைவிடப்பட்டவள்போலக் கேட்டாள். "இல்லம்மா" என்றேன். அதற்குமேல் எனக்குச் சொல்ல வரவில்லை.

மருத்துவமனையிலும் கிட்டத்தட்ட அதே கேள்வி காத்திருந்தது. அறுவை சிகிச்சைக்கு முன் மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்த்தாக வேண்டும். அவர், "யாருமே இல்லாத தீவுல நீங்க மட்டும் இருந்தா இத பண்ணிக்குவீங்களா?" என்றார். ஆசை என்னுடையதா, ஊருடையதா என்று பிரித்துப் பார்க்கும் கேள்வி அது. பல பேருக்கு உதவுகிற கேள்விதான். நான் வீட்டுக்கு வந்து, உணவு எழுதிய அதே நோட்டில் ஒரு பக்கத்தின் நடுவே கோடு கிழித்தேன். இடப்பக்கம் 'எனது', வலப்பக்கம் 'அவர்களுடையது'.

மூச்சு, சர்க்கரை, முழங்கால் ஆகியவற்றை இடப்பக்கம் எழுதினேன். மகள் கல்யாணத்தில் குண்டாகத் தெரியக் கூடாது என்று அத்தை சொன்னதை வலப்பக்கம் எழுதினேன். அதுவரை எளிது. கல்லூரிப் பணியாளர் அறையில் கைப்பிடி வைத்த நாற்காலியில் நான் உட்கார முடியாமல் ஸ்டூலில் உட்காருவதை எந்தப் பக்கம் எழுதுவது? இடுப்பு என்னுடையது, நாற்காலி கல்லூரியுடையது. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி வகுப்பு? காய்ச்சலுக்குப் போனாலும் "முதல்ல வெயிட்ட குறைங்க" என்று சொல்லி அனுப்பிய மருத்துவர்கள்? மீந்த சோறு? அதைத் தின்றது என் வாய். அளவு பார்க்காமல் வடிக்கச் சொன்னதும், மிஞ்சியதைக் கொட்டாதே என்றதும், மற்றவர்கள் தட்டில் சூடாக விழுந்தபின் என்னை உட்கார வைத்ததும் வீடு. நடுக்கோடு நிற்கவே இல்லை. கடைசியில் பாதிக்கு மேல் கோட்டின்மேலேயே எழுதியிருந்தேன்.

எனக்கு அங்கேதான் ஒன்று தெளிவானது. தீவில் பிறந்த ஆசை என்று எந்தப் பெண்ணிடமும் ஒன்று இல்லை. கலப்பில்லாத முடிவாக இருந்தால்தான் அது உன் முடிவு என்று சொன்னால், எங்களுக்கு முடிவே மிஞ்சாது. ஓர் ஆண் மாரடைப்புக்குப் பயந்து பைபாஸ் செய்துகொண்டால், அந்தப் பயம் உன்னுடையதா, உன் மனைவியுடையதா என்று யாரும் கேட்பதில்லை. அதற்காக எல்லாமே என் தேர்வு என்று சொல்லி நிமிர்ந்து நடப்பதும் பொய். கணக்கு எழுதத்தான் வேண்டும். என்னுடையதற்கு நான் பொறுப்பு. அவர்களுடையதை நான் சுமந்தாலும், அது அவர்களுடையது என்று எழுதி வைத்துக்கொண்டு சுமப்பேன்.

*

இன்னொருத்தியின் கணக்கையும் இங்கே சொல்ல வேண்டும். காத்திருப்புக் கூடத்தில் என் பக்கத்தில் ஓர் அம்மாவும் மகளும் இருந்தார்கள். மகளுக்கு 22 வயது இருக்கலாம். உடல் நிறை எண் 36 என்றும் வேறு நோய் எதுவும் இல்லை என்றும் அம்மாவே சொன்னார். "பொண்ணு பாக்க வர்றவங்க காபி குடிச்சிட்டுப் போறாங்க, அப்பறம் சேதியே இல்லக்கா" என்றார். அவர் டோக்கன் வாங்கப் போனபோது அந்தப் பெண் என்னிடம், "எனக்கு ஊசின்னாலே பயம்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விதிப்படி, நிறை எண் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது 35ஓ அதற்கு மேலோ இருந்து கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்தடை, இதயநோய் போன்றவை சேர்ந்திருந்தால்தான் இந்தச் சிகிச்சைக்குக் காப்பீடு கிடைக்கும். மருத்துவ வழிகாட்டல்கள் ஆசியர்களுக்கு இன்னும் குறைந்த எண்களிலும் அனுமதிக்கின்றன. எந்த விதியிலும் 'மாப்பிள்ளை அமையவில்லை' என்ற காரணம் இல்லை. ஆனால் உலக அளவில் இந்த மேசையில் படுப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் பெண்கள். ஆண்களின் உடலில் கொழுப்புக்குப் பஞ்சமா என்ன?

அந்தப் பெண்ணிடம் யாராவது சொல்லியிருப்பார்களா என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு 12 முதல் 18 மாதம்வரை கருத்தரிக்கக் கூடாது. எடை குறையும்போது முட்டை வெளிப்படுவது சீராகி, அதுவரை தள்ளிப்போன கரு எளிதில் நிற்கவும் கூடும். கல்யாணத்துக்காகச் செய்துகொண்டவளை, கல்யாணமான மறுமாதமே "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்பார்கள். அப்போது அவள் எந்தக் காகிதத்தைக் காட்டுவாள்?

*

நான் முடிவெடுப்பதற்கு இடையில்தான் 2024 ஏப்ரல் வந்தது. எங்கள் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் உடல் எடையைக் குறைக்கச் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய் அறுவை சிகிச்சையின்போது உடல்நிலை மோசமாகி இறந்துபோனார். தமிழ்நாடு அரசு விசாரணைக்குழு அமைத்தது. செய்தித்தாளில் அவர் படத்தைப் பார்த்துவிட்டு மகள் என்னிடம் பேசவில்லை. பேப்பரை மடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அதன்பிறகு கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்கக் கற்றுக்கொண்டேன். இந்த மருத்துவர் வருடத்துக்கு எத்தனை செய்கிறார், மயக்க மருந்து கொடுப்பவருக்குப் பருத்த உடல்களோடு பழக்கம் உண்டா, தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா, இரவில் ஏதாவது ஆனால் யார் வருவார்கள் என்றெல்லாம் கேட்டேன். அனுபவமுள்ள இடங்களில் மரணம் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் இருக்கிறது. தையல் கசியலாம், ரத்தம் போகலாம், காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்கு ஏறலாம். மறுபக்கம், ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடையே மரணம் குறைந்திருந்ததாக 2007இல் சொன்னது. ஆயிரத்தில் ஒன்று சின்ன எண்தான். அந்த ஒன்று மடித்த பேப்பரில் என் மேசையில் கிடந்தது.

மருத்துவர் இரண்டு முறைகளை விளக்கினார். ஒன்று, சிறிய பை ஒன்றை மட்டும் விட்டுவைத்து அதைச் சிறுகுடலில் இணைக்கும் பைபாஸ். இன்னொன்று, இரைப்பையில் ஏறத்தாழ 75 முதல் 80 சதவீதத்தை நீளவாக்கில் வெட்டி எடுத்து, மீதியை வாழைப்பழம்போல் குழலாக விட்டுவைக்கும் ஸ்லீவ். பசியைத் தூண்டும் கிரெலின் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுக்கும் பகுதியில்தான். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. நெஞ்செரிச்சல் கூடலாம். எண்டோஸ்கோப்பியில் எனக்குத் தடை எதுவும் தெரியாததால் ஸ்லீவ் என்று முடிவானது.

இரண்டு வாரம் மோர், தெளிந்த சூப், புரதப் பொடி மட்டும். கல்லீரலில் படிந்த கொழுப்பு சுருங்கினால்தான் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரைப்பையை அடைய முடியும். அந்த இரண்டு வாரமும் வீட்டுக்கு நான்தான் சமைத்தேன். வஞ்சிரம் வறுக்கும்போது மூக்கை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன். எட்டாவது நாள் கணவரிடம், "இந்த வீட்ல எனக்கு மட்டுமா ஆபரேஷன்?" என்று கேட்டேன். அன்றிரவு அவர் ஹோட்டலில் பரோட்டா வாங்கி வந்தார். அதை உதவி என்றும் சொல்லலாம்.

சேர்க்கை நாளன்று ஒப்புதல் படிவத்தை ஊழியர் என் கணவரிடம் நீட்டினார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். "பேஷன்ட் நான்" என்றேன். "ஹஸ்பெண்ட் சைன் வேணும் மேடம், ரூல்ஸ்" என்றார். எனக்கு ஒரு வழக்கு தெரியும். 1995இல் டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் தொடர் உதிரப்போக்குக்காகப் பரிசோதனைக்குப் போனார். மயக்கத்தில் இருந்தபோது, அவருடைய அம்மாவிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிட்டார்கள். சமீரா கோலி வழக்கு என்று பெயர். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சுயநினைவு திரும்பியதும் தானே முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த பெண்ணுக்காக அவள் அம்மாகூட ஒப்புதல் தர முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. நான் இதை விளக்கத் தொடங்கியதும் பின்னால் வரிசை நெளிந்தது. முதல் கையெழுத்தை நான் போட்டேன். சாட்சி என்ற இடத்தில் அவர் போட்டார். அன்று அவர் எனக்குச் செய்த பெரிய உதவி, என்னிடம் கேட்டுவிட்டுப் போட்டதுதான்.

*

2024 செப்டம்பரில் நடந்தது. எழுந்ததும் கேட்டது வலியின் சத்தம் இல்லை, வாயுவின் உறுமல்தான். அன்றே நடக்க வைத்தார்கள். மருந்துக் கப்பில் 30 மில்லி தண்ணீரைக் கால் மணி நேரம் குடித்தேன். காய்ச்சல், படபடப்பு, தோளில் குத்தும் வலி, மூச்சுத் திணறல், காலில் வீக்கம் எது வந்தாலும் காத்திருக்காதே என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் திரவம், அடுத்த இரண்டு வாரம் மசித்தது, பிறகு குழைந்தது. சாப்பிடும்போதும் அதற்குப் பின் அரை மணி நேரமும் தண்ணீர் கிடையாது. ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம். பி12, இரும்பு, கால்சியம், டி வைட்டமின் ஆயுள்முழுதும். அவசரமாக விழுங்கிய ஒரு வாய்ச் சோறு நெஞ்சில் கல்லாக நின்று, கண்ணீரோடு வெளியே வந்தது. நான்காம் மாதம் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. பத்தாம் மாதம் மீண்டும் முளைத்தது. கையிலும் வயிற்றிலும் தோல் தொங்குகிறது. அது போகாது.

இவையெல்லாம் படிவத்தில் இருந்தவை. படிவத்தில் இல்லாதது பசியின் மரணம். பசி இல்லாத நாட்களில் நான் கவிதையும் எழுதவில்லை. கல்லூரி விட்டு வரும் வழியில் ரொட்டிக்கடையின் வாசனை என்னைக் கூப்பிடவில்லை. துக்கத்தையும் சலிப்பையும் இவ்வளவு காலம் எதில் நனைத்துத் தின்றேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அவை அப்படியே நின்றன, நனைக்க எதுவும் இல்லை. இந்தச் சிகிச்சைக்குப் பிறகு சிலர் கடும் மனச்சோர்வில் விழுவதுண்டு, மதுவில் விழுவதும் உண்டு. உடலுக்குத் திரும்பத் திரும்பப் பரிசோதனைக்குப் போவதுபோல மனதுக்கும் போக வேண்டும். நான் போனேன். வெட்கப்படவில்லை.

இப்போது பதினைந்து மாதம். எடை 72. மூச்சு தடைப்படுவதில்லை. சர்க்கரை 5.9, மாத்திரை நான்கிலிருந்து ஒன்றாகிவிட்டது. மூன்றாம் மாடிக்கு ஒரே மூச்சில் ஏறுகிறேன். இவை எனக்குச் சந்தோஷம், மறைக்க மாட்டேன். நிறை எண் 28.8. 25 என்ற கணக்கில் பார்த்தால் நான் இன்னும் குண்டுதான். இதற்கிடையில் 2025 மார்ச்சில் டிர்செபடைட் ஊசி இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. "கொஞ்சம் பொறுத்திருந்தா ஊசியிலயே முடிஞ்சிருக்குமே" என்கிறார்கள். முடிந்திருக்கலாம். ஊசிக்கும் அதே நோட்டுத் தேவைப்பட்டிருக்கும்.

நான் தயாராக இல்லாத ஒன்று, பாராட்டு. பணியாளர் அறையில் சக பேராசிரியர் ஒருவர், "இப்பத்தான் மேடம் மனுஷி மாதிரி இருக்கீங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். முன்பு ஏசிய வாயும் இப்போது புகழும் வாயும் ஒன்றே. இரண்டுமே என் உடலைத் தம் பொறுப்பில் வைத்திருக்கின்றன. "இருபது வருஷமா நீங்க யார்கூட டீ குடிச்சீங்க சார்?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. கைப்பிடி வைத்த நாற்காலியில் இப்போது என்னால் உட்கார முடிகிறது. ஆனாலும் கைப்பிடி இல்லாத இரண்டு நாற்காலிகள் வேண்டும் என்று கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்குப் பின்னால் வருகிறவள் வயிற்றை வெட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை.

எங்கள் மாநிலத்தின் காரைக்காலில் ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா நடக்கும். புனிதவதியின் கதையைச் சேக்கிழார் சொன்னபடி வருடாவருடம் வகுப்பில் சொல்கிறேன். கணவன் விலகிப் போய் வேறொருத்தியை மணந்துகொண்டான். பின் அவள் காலில் விழுந்து, இவள் தெய்வம் என்றான். அவனுக்காகச் சுமந்திருந்த தசை இனி வேண்டாம் என்று வேண்டி, புனிதவதி அதை உதறி எலும்புருவாக நின்றாள். கண்டவர்கள் அஞ்சி விலகி ஓடினார்கள். அவள் இழந்த எடை யாருக்கும் அழகாக இல்லை. பார்க்கப்படுவதிலிருந்து வெளியேறவே அவள் தசையை விட்டாள். எங்களைப் பார்வைக்குள் நுழைவதற்காக விடச் சொல்கிறார்கள். நான் அம்மையார் இல்லை. தசை எனக்குப் பகையும் இல்லை. என்னைத் தூங்கவைத்து, மகளைச் சுமந்து, கவிதை எழுதிய உடல் அது. அந்தக் கவிதை பொய்யில்லை என்று அந்தப் பெண்ணிடம் அன்று சொல்ல வராததை இங்கே சொல்கிறேன். ஓர் உடலை மதிப்பதும், அதற்கு மூச்சு முட்டும்போது வைத்தியம் பார்ப்பதும் எதிரெதிர் இல்லை. மன்னிப்புக் கேட்காமலேதான் நான் மேசையில் படுத்தேன். எழுந்தபோதும் கேட்கவில்லை.

*

என் மகளுக்குப் பதினேழு வயது. என் உடல்வாகுதான் அவளுக்கும். நான் வீடு திரும்பிய வாரம் இரவில் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, "அப்ப நானும் பண்ணிக்கணுமாம்மா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று உடனே சொல்லியிருப்பேன். ஆனால் நாளைக்கு அவளுக்கும் மூச்சு முட்டலாம். அன்று என் 'வேண்டாம்' அவளுக்கு இன்னொரு கொன்றை வேந்தனாகிவிடும். "எனக்குத் தெரியலம்மா" என்று சொல்லி அந்த நோட்டைக் கொடுத்தேன். கோடு கிழித்த பக்கத்தைப் படித்தாள். அடுத்த பக்கத்தில் அவளும் ஒரு கோடு கிழித்தாள். என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை.

சோற்றைக் கொட்டிய அன்று அவள்தான் பார்த்தாள். "ஏம்மா கொட்டுற?" என்றாள். "யார் சாப்பிடறது?" என்றேன். யாரும் பதில் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து வீட்டில் அரிசி அளக்கும் வேலை கணவருக்கு வந்தது. முதல் மாதம் முழுக்க அவருக்குக் கணக்கு தப்பியது. மீந்ததில் இரவு தண்ணீர் ஊற்றி வைக்கிறோம். காலையில் சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு அதைச் சாப்பிட்டுவிட்டு அவர் வேலைக்குப் போகிறார். இப்போது அவருக்குக் கொஞ்சம் தொப்பை விழுந்திருக்கிறது. தெருவில் யாரும் அதைப் பற்றி அவரிடம் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.